கையால இழுத்தா வர்றது

மறந்துட்டேன்னு மட்டும் சொல்லாதே. வேற ஏதாவது சொல்லு. அன்னிக்குக் காய்ச்சல்னு சொல்லு, மாமனாருக்கு முடியலன்னு சொல்லு, கேட்டுக்கறேன். இந்தக் கிச்சன்ல ஒவ்வொரு டிராயர் கைப்பிடியையும் டேப்பு வெச்சு அளந்து, ஒரு நூல் இறங்கியிருக்குன்னு கழட்டி, மறுபடி மாட்டினவன் நீ. அப்பேர்ப்பட்ட ஆளு, என் உசரத்துக்கு மேல நிக்கற ஃப்ரிட்ஜுக்கு ஸ்க்ரூ போட மறந்துட்டியா?

பையை மேடை மேல வெக்காதே. கல்லு கீறும். கீழ வை. கீழன்னா நடுவழியில இல்ல, ஓரமா.

அப்புறம், இந்த மேடம்லாம் வேண்டாம். கிச்சன் போட்டப்ப அக்கா அக்கான்னு வாய் ஓயாம கூப்பிட்டுட்டு, இப்ப என்ன புதுசா மேடம்? அக்கான்னே சொல்லு. திட்டறதுக்கும் அதுதான் வசதி.

சரி, இங்க வந்து பாரு. கப்போர்டுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஒரே கலர்ல கதவு போட்டே. எது ஃப்ரிட்ஜு, எது துடைப்பம் வெக்கிற இடம்னே தெரியக் கூடாது, அதுதான் அழகுன்னே. என் கொழுந்தன் மொத தடவை வந்தப்ப ஜில்லுன்னு தண்ணி குடிக்கறேன்னு போய் துடைப்பத்தைப் பிடிச்சுட்டு நின்னான். எல்லாரும் சிரிச்சோம். அவரு தான் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. போகட்டும். கைப்பிடியைப் பிடிச்சு இழு. அப்படியில்ல, பொண்டாட்டி தூங்கறா மாதிரி மெதுவா இழுக்காதே. பசியோட வர்றவன் எப்படி இழுப்பான், அப்படி இழு.

பாத்தியா? கதவு மட்டுமா வந்துச்சு? மொத்த உடம்பும் கூடவே கிளம்புது. அந்த ரப்பர் பிடியை விடறதுக்குள்ள ஃப்ரிட்ஜே ஒரு விரக்கடை வெளிய வந்துடுது. காலையில நாலு தடவை திறந்தா போதும், பக்கத்துக் கதவுல இடிக்கும். அப்ப நான் முட்டியால ஒரு தள்ளு தள்ளணும். பால் எடுத்தா ஒரு தள்ளு, காய் எடுத்தா ஒரு தள்ளு. கை ரெண்டுலயும் சாமான் இருக்கும், அதனால முட்டி. ரெண்டு கதவையும் ஒரே சமயத்துல திறந்தா முன்னாடி தலையைச் சாய்ச்சு என்னைப் பாக்கும், என்னடி செய்வேங்கற மாதிரி. தோளைக் குடுத்து நிறுத்துவேன். இத்தனை வருஷமா நான் இதோட சமைக்கல, மல்லுக் கட்டிட்டு இருந்தேன்.

ஏன் அப்பவே கூப்பிடலையா? கேள்வி கேக்கறதுக்கா உன்னை வரச் சொன்னேன்? டார்ச்சை எடு. உள்ள பாரு.

என்ன சொன்னே? இன்னிக்கு அளவு மட்டும் பாத்துட்டு அடுத்த வாரம் வந்து போடறியா? நல்லா இருக்கே. இங்க பாரு, தெளிவா சொல்லிடறேன். சாப்பாட்டு நேரம் தாண்டினதும் என் கொழுந்தன் வண்டியோட வருவான். தூக்கறதுக்கு ஆளுங்களோட. அவன் வந்து இந்தக் கைப்பிடியைப் பிடிச்சு இழுக்கறப்ப இது இடத்தை விட்டு அசையக் கூடாது. அவ்வளவுதான் வேலை. அதுக்கு அப்புறம் நீ வந்தா என்ன, வராட்டி என்ன?

சாமான் எடுக்க வர்றான். யாரோட சாமானா? ஏம்ப்பா, உனக்கு நிஜமாவே தெரியாதா, இல்ல தெரியாத மாதிரி நிக்கறியா? பால் போடறவருக்குத் தெரியும். எதிர்வீட்டு நாய்க்குத் தெரியும், அவரு வண்டிச் சத்தம் கேட்டா குலைக்கறதை நிறுத்தி வெச்சிருந்துச்சு, இப்ப மறுபடி ஆரம்பிச்சிருக்கு. அவரும் நானும் பிரிஞ்சாச்சு. கையெழுத்து தான் பாக்கி.

ஐயோவா? உன் ஐயோவை நீயே வெச்சுக்கோ. கிளாம்ப்பை எடுத்துப் போடு.

ஓ. கிளாம்ப்பு பெட்டியிலேயே வரலையா. கம்பெனிக்காரன் அனுப்பலையா. அதனாலதான் அன்னிக்குப் போடலையா. இப்பதானே மறந்துட்டேன்னே? மறதியா, இல்ல அவன் அனுப்பலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு, ரெண்டையும் சேத்துச் சொன்னா ரெண்டும் பொய்யாயிடும். சரி, அனுப்பலை. உறுதியா? பெட்டியைப் பிரிச்சது நீதானே, உள்ள இல்லவே இல்லையே?

இரு.

இந்தா. பிடி. கவர் கூடப் பிரிக்கலை. மேல போடற பட்டி, கீழ கால் கிட்ட போடற பட்டி, பக்கத்துல போடற ஸ்க்ரூ, அதை மறைக்கற வெள்ளை மூடி, எல்லாம் அவன் அனுப்பின மாதிரியே இருக்கு. பாவம், கம்பெனிக்காரனுக்கு நீ ஒரு மன்னிப்புக் கேக்கணும்.

என்ன மூஞ்சி இப்படிப் போயிடுச்சு? எங்கேர்ந்து கிடைச்சுதுன்னா என்ன சொல்றது, வீட்டுலேர்ந்து தான் கிடைச்சுது. வீட்டுல வெச்ச பொருள் வீட்டுல தானே இருக்கும். பேச்சைக் குறைச்சுட்டுக் கையை வேலை செய்ய விடு. முதல்ல முழுசா உள்ள தள்ளு. பின்னாடி வொயர் நசுங்காம பாத்துக்கோ. நான் தள்ளித் தள்ளிப் பழகினது, வலது ஓரத்துல முட்டி வெச்சா சுலபமா போகும். ஆங். அதேதான்.

என்னத்தை முணுமுணுக்கறே? சத்தமாவே சொல்லு. ஸ்க்ரூ தானேக்கா, வர்றவங்க கழட்டிட்டுத் தூக்கிட்டுப் போயிடுவாங்களா? மாட்டாங்க. ஏன்னு சொல்றேன். நீ மட்டம் பாத்துட்டே கேளு.

எங்க அண்ணன் வீட்டு ஹால்ல உக்காந்து பேசினோம். இந்த வீடு எங்கம்மா எனக்கு எழுதி வெச்சது, அதுல தகராறு இல்ல. சாமான் தான். எது யாருக்குன்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டு இருந்தா விடிஞ்சுடும்னு எங்க அண்ணனே சலிச்சுக்கிட்டான். அப்ப அவரு, எல்லாரும் கேக்கற மாதிரி, நிதானமா ஒண்ணு சொன்னாரு. எதுக்கு மச்சான் சண்டை, கையால இழுத்தா வர்றது எல்லாம் என்னோடது, ஸ்க்ரூ கழட்டினாதான் வரும், ஆணி பிடுங்கினாதான் வரும்னா அது வீட்டோடது, அவளே வெச்சுக்கட்டும்னாரு. எங்க அண்ணன் அப்படியே உருகிட்டான். பாரும்மா, ஃபேன் உனக்கு, லைட்டு உனக்கு, கப்போர்டு உனக்கு, செவுத்துல மாட்டின டிவி கூட உனக்கே, மாப்பிள்ளை தங்கம்மாங்கறான். எங்க அண்ணி என்னைப் பாத்தா பாரு ஒரு பார்வை, இப்பேர்ப்பட்டவரை விட்டுட்டு வர்றியேடி பாவின்னு. நான் விட்டுட்டு வரலை, அவரு தான் விட்டுட்டுப் போறாருன்னு அண்ணிக்கு இன்னும் விளங்கலை.

நானும் சரின்னேன். தலையை ஆட்டிட்டு காபி டம்ளரை எல்லாம் எடுத்துட்டு உள்ள போயிட்டேன். ஏன்னா எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சுடுச்சு, அந்தப் பேச்சே இந்த ஃப்ரிட்ஜுக்காகப் பேசினதுன்னு. வீட்டுல செவுத்தோட செவுரா நிக்குது, பாத்தா யாரும் கையால வரும்னு சொல்ல மாட்டாங்க, ஆனா இழுத்தா வந்துடும். அப்படி ஒரு பொருள் இந்த வீட்டுல இது ஒண்ணுதான்.

இப்ப விளங்குதா? அவரு போட்ட கோட்டுக்குள்ளயே தான் நான் நிக்கறேன். என் கொழுந்தன் ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுத்தான்னா, அவனோட அண்ணன்காரன் நாலு பேரு முன்னாடி சொன்ன சொல்லு போச்சு. அவனுக்கு அந்த தைரியம் கிடையாது. நல்ல பையன் தான், அண்ணன் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டான். அதான் அவனை அனுப்பறாரு, தான் வராம.

நேரா இருக்கா? இங்கேர்ந்து பாத்தா இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாத் தெரியுது. கால் ஸ்க்ரூவைத் திருகு. இன்னும் கொஞ்சம். ம். உன்னை ஊர்ல ரசமட்டம்னு கூப்பிடறாங்களாமே? அந்தக் கண்ணாடிக் குழாயில ஓடற முட்டை நடுவுல நின்னாத்தான் உனக்குச் சோறு இறங்குமாம். சும்மா கேட்டேன். எல்லாம் நேரா இருக்கணும் உனக்கு.

நியாயமா அக்கான்னா? நீ நியாயம் பேசறியா? மெத்தையை எடுத்துட்டுப் போகட்டும், நான் தரையில படுத்துக்கறேன். சோபா, வாஷிங் மெஷின், சாப்பாட்டு மேசை, அந்த ஆடற நாற்காலி, எல்லாத்தையும் வாசல் கிட்ட நகர்த்தி வெச்சிருக்கேன், அவங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு. நீ வர்றப்ப பாத்திருப்பே. அத்தனையும் குடுக்கறவ இது ஒண்ணை ஏன் குடுக்கலன்னு நீயே யோசி.

போன் அடிக்குது பாரு. எடு. எடுக்க மாட்டியா? பேரைப் பாத்துட்டு சட்டைப்பையிலேயே அமுக்கறே. பரவாயில்ல, பேசு, நான் வேணா வெளிய நிக்கறேன். வேண்டாமா? அவரா, உன் சாரு?

சும்மா ஒரு குறி வெச்சேன், வேர்த்துடுச்சே உனக்கு.

எனக்குத் தெரியும்ப்பா. அவரு போற புது வீட்டுக்குக் கிச்சன் போடறது நீதான். யாரு சொன்னான்னா, யாரும் சொல்லலை. போன வாரம் என் கொழுந்தன் வந்தான். அண்ணி, சும்மா இந்தப் பக்கம் வந்தேன், ஒரு வாய் தண்ணின்னான். குடுன்னு கேக்கலை, தானே உள்ள போனான். இந்தத் தடவை துடைப்பம் இருக்கற கதவைத் திறக்கலை. நேரா வந்து இதைத் திறந்தான். நான் காய் நறுக்கிட்டு இருந்தேன், முதுகைக் காட்டிட்டு. அவன் பேண்ட் பையிலேர்ந்து டேப்பு இழுக்கற சத்தம் கேட்டுச்சு. சரக்குன்னு வெளிய வருமே, அந்தச் சத்தம். இந்தக் கிச்சன் போட்டப்ப நாள் முழுக்கக் கேட்ட சத்தம், எனக்கா தெரியாது? உசரம், அகலம், உள்வாட்டம். அவன் தேங்காய் உடைக்கக் கூடத் தெரியாத பையன், உள்வாட்டம் அளக்கணும்னு அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது? திரும்பிப் பாத்தா மஞ்சள் டேப்பு, முனையில சிவப்பு நூல் கட்டினது. இதோ உன் இடுப்புல தொங்குதே, இதேதான்.

அப்ப அங்க கப்போர்டு முடிஞ்சிருச்சு, ஃப்ரிட்ஜுக்கு இடம் விட்டு வாயைப் பொளந்துட்டு நிக்குது. இது போய் உக்காரணும். அதானே? அங்கயாவது ஸ்க்ரூ போடச் சொன்னாரா? சொன்னாரா. சந்தோஷம். அப்ப அங்க இருக்கப் போறாரு.

இல்ல, அங்க யாரு கதவைத் திறந்து பால் எடுக்கப் போறாங்கன்னு நான் கேக்கலை. நீயும் சொல்லாதே. உன் வாயிலேர்ந்து ஒண்ணொண்ணா பிடுங்கற அளவுக்கு எனக்குப் பொறுமை இல்ல.

டிரில்லைப் போடு. மேல் பட்டியிலேர்ந்து ஆரம்பி. என்னது? ஃப்ரிட்ஜ் உடம்புல போட்டா உள்ள கேஸ் குழாய் ஓடுது, ஓட்டை விழுந்தா அதோட செத்துச்சா? பட்டியில விட்டிருக்கற ஓட்டையில மட்டும்தான் போடணும். தெரியும்ப்பா. குறிப்புப் படம் கவர்லயே இருக்கு, நான் பாத்துட்டேன். எத்தனை தடவை பாத்திருப்பேன்னு நினைக்கறே? அடியில கால் கிட்டயும் போடு. பக்கத்துலயும் போடு. ஒரு ஓட்டையைக் கூட விடாதே.

தூசியை நான் கூட்டிக்கறேன். நீ போடு.

என்ன ஆச்சு? ஸ்க்ரூ வழுக்குது பாரு. ப்ளைவுட் ஊறிப் போயிருக்கா? அப்ப பக்கத்துல புது ஓட்டை போடு, இதுலயே போட்டா பிடிக்காது. ஆமா, பட்டிக்கு இன்னொரு ஓட்டை இருக்கே, அங்க. நான் ஃபிட்டர் வேலை பாக்கலைப்பா. ஒரு பொருள் ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு தினமும் யோசிச்சா யாருக்கும் இந்த அளவு தெரிஞ்சிடும்.

சார் கேட்டா என்ன சொல்றதா? உண்மையைச் சொல்லு. கம்ப்ளெயிண்ட் வந்துச்சு, போனேன், அன்னிக்குப் போட வேண்டியதை இன்னிக்குப் போட்டேன்னு சொல்லு. இதுல எந்த வார்த்தை பொய்? அங்க வேலையை விட்டு நிறுத்திட்டாருன்னா இங்க வா, அந்த மாடி ரூம்ல ஒரு அலமாரி போடணும். பயப்படாதே, நிறுத்த மாட்டாரு. வாய் திறக்காம வேலை செய்யற ஆளு அவருக்கு வேற எங்க கிடைப்பாங்க?

முடிஞ்சுதா? மூடியைப் போடு. வெள்ளை மூடி. எல்லாத்தையும் மூடாதே, முன்னாடி தெரியறது ஒண்ணைத் திறந்தே வை. ஸ்க்ரூ இருக்குன்னு வர்றவன் கண்ணுல படணும்.

இப்ப இழு. இன்னும். காலை ஊன்றி இழு.

ம்.

கதவு மட்டும் வருது.

இப்படித்தான் இருக்கணும் இல்ல? இவ்வளவு லேசா. ஒரு விரல் போதும் போல இருக்கே. நான் பாட்டுக்கு முட்டியைத் தூக்கிட்டு நிக்கறேன் பாரு, தள்ளறதுக்கு. தள்ள ஒண்ணும் இல்ல.

கையைக் கழுவிக்கோ. சோப்பு அங்க இருக்கு. எதுக்கு இப்ப மன்னிச்சிடுங்கக்கா? எதுக்குன்னு சொன்னா மன்னிக்கலாம், மொட்டையா கேட்டா எப்படி? சொல்ல மாட்டே. விடு. நானே சொல்றேன். பைப்பை மூடு, தண்ணி வீணாப் போகுது.

அன்னிக்கு நீ இதை உள்ள தள்ளிட்டு, இந்தக் கவரைப் பல்லால கடிச்சுப் பிரிக்கப் போனே. அவரு உன் தோளைத் தொட்டு, ஸ்க்ரூ வேண்டாம், பின்னாடி எடுத்துட்டுப் போக வேண்டி வரும்னு மெதுவா சொன்னாரு. நான் இதோ இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம், ஸ்டோர் ரூம்ல, ஷெல்ஃபுக்கு பேப்பர் விரிச்சுட்டு இருந்தேன். கிச்சன் மணக்குதுன்னு பாட்டு வேற வாயில. எங்க எடுத்துட்டுப் போறதுன்னு நீ கேப்பேன்னு பாட்டை நிறுத்திட்டு நின்னேன். நீ சரிங்க சார்னு சொல்லிட்டுக் கவரை அவரு கையில குடுத்துட்டே. உன் மேல எனக்கு இருக்கற கோவம் அவ்வளவுதான். ஏன் சார்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவரு ஏதோ பதில் சொல்லியிருப்பாரு இல்ல? நானும் கேட்டிருப்பேனே.

அதை அவரு ஷூ பாலிஷ் டப்பாவுல, அடியில போட்டு வெச்சிருந்தாரு. அதுவும் எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமையானா டப்பாவைத் திறப்பாரு, கவரை எடுத்துப் பக்கத்துல வெப்பாரு, பிரஷை எடுப்பாரு. ஷூவைத் துடைச்சு முடிச்சதும் கவரை மறுபடி அடியில வெச்சு மூடுவாரு. நான் இங்க நின்னு தோசையைத் திருப்பிட்டே பாப்பேன். ஒரு ஞாயித்துக்கிழமையாவது அதை எடுத்துட்டு இந்தப் பக்கம் நடந்து வருவாருன்னு. எங்கடி ஸ்க்ரூ டிரைவருன்னு கேட்டா எடுத்துக் குடுக்கணும்னு இந்தக் கரண்டி டிராயர்ல மேலாகவே வெச்சிருந்தேன். போறப்ப ஷூவை எல்லாம் எடுத்துட்டுப் போனவரு டப்பாவை மட்டும் மறந்துட்டாரு. மறக்கறதுன்னா அதுப்பா.

வண்டி வந்துடுச்சு போல. நாய் குலைக்குது பாரு. நீ போய்க் கதவைத் திற, உன் டேப்பை உள்ள சொருகிக்கோ, அவன் பாத்தா சங்கடப்படுவான். எதை வேணா இழுத்துப் பாத்துக்கச் சொல்லு. வெயில்ல வந்திருப்பான், இதுல பாட்டில்ல தண்ணி வெச்சிருக்கேன். அவனே திறந்து எடுத்துக் குடிக்கட்டும்.